ஆறாவது கியரில் போன வீதி

கோயமுத்தூரில் குளத்துமேட்டு வீதி என்று ஒரு வீதி உண்டு. இப்போதும் உண்டு, ஆனால் அதன் ஒரு வரிசை மட்டும் முன்பு இருந்த இடத்தில் இல்லை. குளத்தங்கரையில் தொடங்கி ரயில்வே கேட் வரைக்கும் வளையாமல் ஓடுகிற நீள வீதி அது. இந்தக் கோடியில், குளத்தை ஒட்டி, கியர்பாக்ஸ் மெக்கானிக் வெள்ளிங்கிரியின் ஷெட் இருந்தது. அந்தக் கோடியில், எதிர்வரிசையில், ரயில்வே கேட்டுக்குப் பக்கமாக நாச்சிமுத்துவின் லேத் பட்டறையும் அதன் பின்னாலேயே அவர் வீடும் இருந்தன. ஷெட்டுக்கு நேர் எதிரே இருந்த வாத்தியார் வீட்டைத் தாண்டி எண்ணிக்கொண்டே போனால் நாற்பத்தாறாவது கதவு நாச்சிமுத்துவுடையது. அதை எண்ணிப் பார்த்துத்தான் வெள்ளிங்கிரி தன் ஷெட்டுக்கு அந்த இடத்தைப் பிடித்தார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தவர்கள். நாச்சிமுத்து வேறு யாருமில்லை, வெள்ளிங்கிரியின் மனைவி தங்கமணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பந்தயக் கார்களுக்குக் கியர்பாக்ஸ் கட்டினார்கள். நாச்சிமுத்து லேத்தில் சக்கரம் கடைவார், வெள்ளிங்கிரி அவற்றைப் பெட்டியில் கோப்பார். ஒரு பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த அவர்களுடைய கார் கடைசிச் சுற்றில் நின்றுவிட்டது. பெட்டியைப் பிரித்தபோது ஒரு சக்கரத்தை நழுவாமல் பிடித்துக்கொள்ளும் சர்க்ளிப்பைக் காணோம். மோதிரம் அளவுகூட இருக்காத ஒரு கம்பி வளையம். காரின் முதலாளியும் டிரைவரும் இன்னும் இருபது பேரும் சுற்றி நிற்கும்போது நாச்சிமுத்து சொன்னார், "மாப்பிள்ளை போட மறந்துட்டாருங்க." வெள்ளிங்கிரி போட்டிருந்தார். வளையம் உட்காருகிற காடியை நாச்சிமுத்து ஆழமாக வெட்டவில்லை, அதனால் தெறித்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே நின்றபோது அந்தப் பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது. வந்தது வந்ததுதான், அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் வந்துகொண்டிருந்தது, பல் துலக்கும்போதும் வந்தது, போல்ட்டை இறுக்கும்போதும் வந்தது.

அன்றைக்கே அவர் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "உன்ற அண்ணன் வீட்டுக்கு நீ நடந்து போனீன்னா, அங்கயே இருந்துக்க, திரும்பி நடக்காதே."  அன்றுமுதல் தங்கமணி அந்தக் கோடிக்குப் போனதில்லை, மார்க்கெட்டுக்குக்கூடக் குளத்துக் கரையைச் சுற்றித்தான் போனாள், அண்ணி செத்த அன்றைக்கும் மொட்டை மாடியில் நின்று பறைச் சத்தத்தைக் கேட்டதோடு சரி. வெள்ளிங்கிரி அந்தப் பெயரையே வாயில் எடுப்பதில்லை. யாராவது கட்டாயம் குறிப்பிட வேண்டி வந்தால் 'அக்கட்ட லேத்து', அதாவது அந்தப் பக்கத்து லேத், என்பார்.

இப்படி இருக்கும்போது பல் டாக்டர் ஹேமலதா தன் அப்பா விட்டுப்போன சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாக இருக்கும், வீதிநாய் ஒன்று அதை மேலிருந்து குனிந்து பார்த்தது.

"நாலு கியர் பெட்டிங்க, எல்லாச் சக்கரத்துலயும் பல்லு போயிருச்சு" என்றார் வெள்ளிங்கிரி.

"அதை எங்கிட்டயே சொல்றீங்களா" என்றார் டாக்டர். "புதுசாக் கட்ட முடியுமா, இல்லை வேற போடலாமா? அப்பாவுக்கு ஆறு கியர் போடணும்னு ஆசை. ஊட்டி ரோட்டுல இதை எடுத்துட்டுப் போகணும்."

"ஆறு போடலாமுங்க. ஆனாப் பெட்டி நீளம் ஜாஸ்தி. தரையை வெட்டி அகலப்படுத்தோணும், தாங்கற பட்டை புதுசாச் செய்யோணும், பின்னால போற ஷாஃப்டு ஒரு சாண் குறையோணும்."

"செய்யுங்க. அவசரமில்லை. இந்தக் கியர் குமிழ் மட்டும் பழையதே இருக்கட்டும், அப்பா கை வெச்சது." குமிழ் வெள்ளையாக, கோழிமுட்டை மாதிரி இருந்தது. வெள்ளிங்கிரி அதில் கறை படக்கூடாதென்று ஒரு சுத்தமான துணியைச் சுற்றி நூல் கட்டி வைத்தார். வேலை நடந்த நாளெல்லாம் துணியோடுதான் தொட்டார்.

பழைய இரும்புக் கடையில் ஒரு ஆறு கியர் பெட்டி கிடைத்தது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்கத் தகடு வெட்டினார், காரின் தரையை அறுத்துச் சுத்தியலால் தட்டி இடம் பண்ணினார், கிளட்ச் மாற்றினார், தாங்குபட்டையைப் பற்றவைத்தார். மிச்சம் இருந்தது ஷாஃப்ட். பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகிற அந்த நீளக் குழாயை வெட்டிக் குறைப்பது லேத்துக்காரன் வேலை, அந்த வேலைக்கு ஊரில் ஒரே ஒரு கைதான் உண்டு, அது அக்கட்ட லேத்தில் இருந்தது. வேறு பட்டறைக்குக் கொண்டுபோனால் சாயங்காலத்துக்குள் அந்தக் காதுக்குச் சேதி போய்விடும். அதனால் வெள்ளிங்கிரி தானே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, தானே ஒட்டினார். வெட்டுவதற்கு முன்னால் குழாயின் மேலே நெடுக ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்வது நாச்சிமுத்துவின் வழக்கம். ஒட்டும்போது கோடு கோட்டோடு சேர்ந்தால் இரண்டு முனையிலும் உள்ள கவட்டை வடிவக் கவைகள் ஒரே பக்கம் பார்க்கும். அது நாச்சிமுத்துவின் வழக்கம் என்பதற்காகவே வெள்ளிங்கிரி இருபத்திரண்டு வருஷமாக எதிலும் சாக்பீஸ் கோடு போடுவதில்லை. கண்ணால் பார்த்தே ஒட்டினார்.

வேலை முடிந்ததும் காரை நாலு ஸ்டாண்டின் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்கள் காற்றில் சுற்றும்படி ஓட்டிப் பார்ப்பது முறை. தங்கமணி நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரங்களுக்குக் கீழே தரையில் வைத்தாள். "சக்கரம்தான் தரையில இல்லியே" என்றார் அவர். "வெக்கறது வெச்சர்லாம்" என்றாள் அவள். ஒன்று விழுந்தது, இரண்டு விழுந்தது, மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் வெண்ணெய் மாதிரி விழுந்தன, பின்சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. ஆறாவதைப் போட்டார். சக்கரங்கள் நின்றன. இன்ஜின் நிற்கவில்லை, சுமையோடு மேடு ஏறுகிற லாரி மாதிரி முக்கிக்கொண்டு இழுத்தது. எதை இழுக்கிறது என்று பார்க்க அவர் தலையைத் தூக்கியபோது, ஷெட் வாசலுக்கு எதிரே வாத்தியார் வீட்டின் நீலக் கதவு குளத்துப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு பச்சைச் சுவர் போயிற்று, கொடியில் ஈரச்சட்டைகள் போயின, தையல்காரர் மிஷினில் உட்கார்ந்தபடியே போனார், ரயில் ஜன்னலில் இருப்பவர் பிளாட்பாரத்தில் நிற்பவரைப் பார்க்கிற மாதிரி வெள்ளிங்கிரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். வெள்ளிங்கிரி கியரைப் பிடுங்கினார். எதிரே ரேஷன் கடை நின்றது. க்யூவும் அப்படியே நின்றது, யாருக்கும் இடம் மாறவில்லை.

பக்கத்து வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் சரஸ்வதி வெளியே வந்து பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, ரேஷன் கடை இங்க வந்துருச்சு."

"ஆமா."

"எப்ப மூடுவாங்களாம்?"

"எனக்கென்ன தெரியும்."

"சரி, இருங்க, நான் பையை எடுத்துட்டு வந்தர்றேன்."

வீதி அந்த அதிசயத்தை எடுத்துக்கொண்ட விதம் இதுதான். ஒரு கரண்ட் கம்பிகூட அறுபடவில்லை, ஒரு குடிநீர்க் குழாயும் விட்டுப்போகவில்லை. லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த வீட்டுக்கு என்று கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குளத்துப் பக்கம் போய் மறைந்த வீடுகள் எட்டும் ரயில்வே கேட் பக்கமாக வந்து வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டன, கொடியில் துணி, அடுப்பில் பால், எல்லாம் அப்படியே. நீலக் கதவு வாத்தியாருக்கு இப்போது ஜன்னலில் ரயில் தெரிந்தது, அவர் ஒரு நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தார், எந்த வண்டியும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று போகிறவர் வருகிறவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். தபால்காரர் வெயிலில் அலைவதை நிறுத்திவிட்டுச் சரஸ்வதி வீட்டு நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "அண்ணா, ஒரு ரெண்டு கதவு தள்ளுங்க, முப்பத்தொண்ணாம் நம்பருக்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்குது" என்று கேட்கப் பழகினார்.

குழப்பமும் வந்தது. எங்கள் ஊரில் யாரும் வீட்டு எண்ணைச் சொல்லி வழி சொல்வதில்லை, எதிரே என்ன இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இப்போது எதிரே இருப்பது காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வேறு வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டு, பெண்ணையும் பிடித்துப்போய்ப் பூ வைத்துவிட்டே போனார்கள், அந்தக் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. இந்த வரிசையில் நடுவே ஒரு சந்து வந்து வீதியில் முட்டுகிறது. அந்தச் சந்துக்கு நேர் எதிரே இருக்கிற வீட்டுக்குத் தெருக்குத்து, அதனால் அந்த வீட்டுச் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள். வரிசை நகர்ந்ததும் பிள்ளையார் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, தெருக்குத்து வேறு வீட்டுக்குப் போயிற்று. வீதிக்காரர்கள் கூடிப் பேசி, பிள்ளையாரைப் பெயர்த்து, காய்கறித் தள்ளுவண்டியின் மேல் ஏற்றி வைத்தார்கள். சந்துக்கு எதிரே எந்த வீடு வருகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திக்கொள்ள வேண்டும், கற்பூரம் அவர்கள் செலவு.

சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்காததால்தான் இப்படி ஆயிற்று என்று பாதிப் பேர் சொன்னார்கள். ஐந்து விரலுக்கு ஐந்து கியர்தான் கணக்கு, ஆறாவது எதற்கு என்றார் தையல்காரர். அதற்குமேல் யாரும் காரணத்தைத் தேடவில்லை.

வெள்ளிங்கிரி தேடினார். பெட்டியை மூன்று முறை இறக்கி, பல் பல்லாகப் பார்த்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார், சக்கரம்தான் பின்னால் சுற்றியது, வீதி சுற்றவில்லை. வரிசை ஒரு பக்கம்தான் போகும், அது குளத்துப் பக்கம், ஆறாவதை ஒரு முறை தொட்டு எடுத்தால் இரண்டு கதவு. முதல் நாளே அவர் எண்ணிவிட்டார். நாற்பத்தாறாவது கதவாக இருந்த லேத் பட்டறை முப்பத்தெட்டாவதாக ஆகியிருந்தது. வீதி ஒவ்வொரு முறை நகரும்போதும் அந்தப் பட்டறை தன்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதனால் அவரால் மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. சரஸ்வதியின் மாமியாருக்கு மூட்டுவலி, ரேஷன் கடை வரைக்கும் நடக்க முடியாது, இன்னும் கொஞ்சம் இப்படி வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஒரு வீட்டில் பிரசவ வலி எடுத்து, நர்ஸம்மா வீடு எதிரே வரட்டும் என்று ஓடிவந்தார்கள். கவுன்சிலர் வந்து, வாரத்துக்கு இரண்டு தடவை என்று ஒழுங்காக முறை வைத்துக்கொள்ளலாம், உங்கள் பெயரில் ஒரு பலகை வைக்கிறேன் என்றார். ஒவ்வொரு முறையும் அவர் உட்கார்ந்து ஆறாவதைத் தொட்டார், ஒவ்வொரு முறையும் இரண்டு கதவு குறைந்தது. முப்பத்தாறு ஆயிற்று, முப்பத்துநான்கு ஆயிற்று.

டாக்டர் ஹேமலதா ஒருநாள் வந்தார், வீதியை இரண்டு முறை சுற்றி வந்துதான் ஷெட்டைக் கண்டுபிடித்தார்.

"போன தடவை எதிர்ல நீலக் கதவு இருந்ததே?"

"இருந்துதுங்க. போயிருச்சு."

"ஆறாவது கியர் விழுதா?"

"விழுதுங்க."

"அப்புறம் என்ன?"

"கார் போகறதில்லீங்க. வீதிதான் போகுது."

டாக்டர் எதிர்வரிசையைப் பார்த்தார். "ஊட்டி இங்க வருமா?"

"அவ்வளவு தூரம் தெரியலீங்க. எதிர்வரிசை மட்டுந்தான்."

"சரி, பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, எதிரே வந்து நின்றிருந்த பேக்கரியில் ஒரு பன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கணக்குப்படி இருபது கதவு இருக்க வேண்டிய ஒரு காலையில் வெள்ளிங்கிரி எண்ணிப் பார்த்தார், பதினாறுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். வாசல்களை எண்ணினார், மீட்டர் பெட்டிகளை எண்ணினார், குப்பைக் கூடைகளை எண்ணினார். பதினாறுதான். அன்றைக்கே கார்ச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டார். இனி ஒருவருக்கும் தள்ள மாட்டேன், பெட்டி சூடாகிறது என்று வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். சரஸ்வதி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியும் குறைந்தது. மறுநாள் பதினான்கு. அதற்கடுத்த நாள் பன்னிரண்டு. காலையில் எண்ணினால் குறைவதில்லை, மதியச் சாப்பாடு சாப்பிட்டு, வேலைக்கு நிற்கிற காரிலேயே முன்சீட்டில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவது மெக்கானிக்குகள் எல்லாருக்கும் உள்ள வழக்கம், அந்தத் தூக்கம் முடிந்து எழுந்து எண்ணினால் இரண்டு குறைந்திருக்கும். இருபது பட்டறை ஓடுகிற வீதியில் ஒரு இன்ஜின் சத்தம் யார் காதிலும் தனியாக விழாது. சாவி இடுப்பில்தான் இருந்தது. முடிச்சும் அவர் போட்ட முடிச்சாகத்தான் இருந்தது. சாவியில்லாமலேயே வீதி ஓடப் பழகிவிட்டதா, இல்லை தனக்குத்தான் எண்ணத் தெரியாமல் போய்விட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை. பத்தானது, எட்டானது, இடது கெண்டைக்கால் ஏனோ வலித்துக்கொண்டே இருந்தது, ஆறானது. லேத்தின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரும்பின் மேல் உளி இழைகிற அந்தச் சத்தத்தை அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டதில்லை, ஆனால் உளி எப்போது எடுபடும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. நான்கானது. இரண்டானது.

அடுத்த நாள் மதியம் அவர் சீட்டில் கண்விழித்தபோது எதிரே நாச்சிமுத்து நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார், ஒரு கையில் எண்ணெய்க் குப்பி.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து.

 வாங்க என்பது வாசலுக்கு வந்தவனைப் பார்த்துச் சொல்கிற சொல். பகைத்த இரண்டு பேரில் எவன் முதலில் மற்றவன் வாசலுக்குப் போகிறானோ அவன் இறங்கிவந்தவன், அது சாகும்வரைக்கும் பேசப்படும். வெள்ளிங்கிரி காரிலிருந்து இறங்கி ஷெட்டின் விளிம்பில் போய் நின்றார். இருவரும் மரியாதை குறையாமல்தான் சண்டை போட்டார்கள், இந்தப் பக்கத்தில் அப்படித்தான் போடுவார்கள்.

"நான் எங்கீங்க வந்தேன்? என்ற ஷெட்டுல நான் நிக்கறேன். வந்தது நீங்க."

"நானா? காலையில லேத்துகிட்ட நின்னேன், இப்பவும் லேத்துகிட்டத்தான் நிக்கறேன். முட்டிவலியில பாத்ரூமுக்கே கணக்குப் பாத்துத்தான் போறேன்."

"அப்ப யாரு வந்தது?"

"அதைத்தான் நானும் ரெண்டு நாளா யோசிக்கறேன்."

"வீதி வந்துதுங்க" என்றாள் சரஸ்வதி, மாவுச் சட்டியோடு நடுவில் நின்றுகொண்டு. "உங்க ரெண்டு பேரையும் ஒருத்தரும் கூப்பிடலை."

இவ்வளவு கிட்டத்தில் நின்றபோது இருபத்திரண்டு வருஷப் பதில் தானாகவே வாயில் வந்துவிட்டது. "நான் சர்க்ளிப் போட்டேன். நீங்க வெட்டுன காடி ஆழம் பத்தலை."

நாச்சிமுத்து எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"இருபது பேர் நின்னாங்க."

"எனக்கும் அந்த இருபது பேருதான். எல்லாரும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நின்னாங்க. ஏதோ ஒண்ணு சொல்லோணுமில்லீங்களா."

"அதுக்கு என்னையச் சொல்லுவீங்களா?"

"நீங்க போடலைன்னுதான் நினைச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். ஆனா முந்தி மாதிரி உறுதியா இல்லை."

 மன்னிப்பென்றால் வெள்ளிங்கிரி மறுத்திருக்கலாம், திட்டென்றால் திட்டியிருக்கலாம், இது இரண்டும் இல்லை. அப்போது ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்து தங்கமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். வீதியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க நடந்து போகக்கூடாதுன்னுதான சொன்னீங்க" என்றாள். "இது பத்து எட்டுக்கூட வராது. இதை நடக்கறதுன்னு சொல்லுவீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். அண்ணனைத் தாண்டி, லேத்தைத் தாண்டி, பின்னால் இருந்த வீட்டுக்குள் போய், சுவரில் பிளாஸ்டிக் மாலை போட்டுத் தொங்கிய அண்ணியின் படத்துக்கு முன்னால் நின்றாள். ஷெட்டிலிருந்து பார்க்க அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

வெள்ளிங்கிரி திரும்பி வந்து காரில் உட்கார்ந்தார். அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து இன்ஜினைக் கிளப்பினார். வழி இருந்தது. ஒரே ஒரு தொடல் போதும், பட்டறை அவரைத் தாண்டிக் குளத்துப் பக்கம் போய்விடும், இன்னொன்று தொட்டால் ரயில்வே கேட் பக்கம் போய் வரிசையின் வாலில் சேர்ந்துவிடும், மறுபடி நாற்பது நாற்பத்தாறு கதவு தூரம், சாகும்வரைக்கும் அது போதும். கிளட்சை மிதித்தார். துணி சுற்றிய குமிழில் கை வைத்தார். எதிரே தங்கமணி இன்னும் திரும்பவில்லை. பட்டறை போனால் பட்டறையோடு அவளும் போவாள். நடந்து போகாதவள் நடந்து திரும்பி வர வேண்டியிருக்கும், திரும்பி நடக்காதே என்று அவர்தான் சொல்லியிருந்தார். சரஸ்வதி மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். தையல்காரர் பார்த்தார். தபால்காரர் சைக்கிள் மணியில் விரலை வைத்தபடி அடிக்காமல் நின்றார். நாச்சிமுத்து உள்ளே போய் லேத்தை நிறுத்தினார், வீதியில் அந்த ஒரு இன்ஜின் மட்டும் முக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக யோசிக்காமலே தன் வேலையைச் செய்த கை, இப்போது என்ன செய்வதென்று அவரைக் கேட்டுக்கொண்டு குமிழின் மேல் இருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து வாசலிலிருந்து. "அந்த ஷாஃப்டை நீங்களே வெட்டுனீங்களா?"

"ஆமா."

"கோடு போட்டீங்களா?"

 வெள்ளிங்கிரி இன்ஜினை நிறுத்தினார். இறங்கி, காருக்கு அடியில் பலகையை விரித்துப் படுத்து, எட்டு போல்ட்டையும் கழற்றி, ஷாஃப்டை உருவிக்கொண்டு வந்து வீதியின் நட்ட நடுவில் வைத்தார், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நாச்சிமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நடு வீதிவரைக்கும் வந்தார், அதற்குமேல் ஒரு எட்டு வைக்கவில்லை. குனிந்து பார்த்தார். ஒரு முனையின் கவை வானத்தைப் பார்த்தது, மறுமுனையின் கவை குளத்தைப் பார்த்தது.

"வீதி சுத்தாம என்ன பண்ணும்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சாக்பீஸை எடுத்துக் குழாயின் மேல் நெடுகக் கோடு இழுத்தார். மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வெள்ளிங்கிரி பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஷாஃப்டை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஆறாவது விழுந்தது, சக்கரம் சுற்றியது, வீதி நின்ற இடத்தில் நின்றது. வீதிக்காரர்கள் யாருக்கும் இது பிடிக்கவில்லை. முன்னால் எட்டாவது கதவாக இருந்த ரேஷன் கடை இப்போது பன்னிரண்டாவது கதவாக ஆகிவிட்டது, இதற்குப் பதில் ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம் என்றாள் சரஸ்வதி. வாத்தியார் ரயில் நேரம் எழுதிய நோட்டை மூடி வைத்தார். பிள்ளையார் தள்ளுவண்டியிலேயே இருக்கட்டும், எப்போது எது கிளம்பும் என்று யார் கண்டது என்று விட்டுவிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வெள்ளிங்கிரி கேட்டார், "எத்தனை தடவை தொட்டே?"

தங்கமணி குழம்பு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "ரெண்டே தடவை. நீங்க சாவியை இடுப்புல கட்டறதுக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சாவி உங்ககிட்டல்ல இருந்துச்சு."

மீதி எட்டுத் தடவையையும் யார் தொட்டது என்று அவர் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நினைத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை.

காலையில் டாக்டர் ஹேமலதா கார் எடுக்க வந்தார். தங்கமணி புதிதாக நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, தரையில் நின்ற சக்கரங்களுக்குக் கீழே வைத்தாள். எதிரே லேத் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிங்கிரி காருக்குள் குனிந்து குமிழின் நூலை அறுத்து, துணியை உரித்தார். துணி எண்ணெய் ஊறி, விரல் உள்ளே நுழைகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது, உள்ளே குமிழில் கறை. இரண்டு இடத்தில் மஞ்சள் விரல் பதிந்திருந்தது, அரைத்த மஞ்சளின் நிறம். மற்றதெல்லாம் கறுப்புக் கிரீஸ், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே கட்டைவிரல் பல தடவை. அந்தக் கட்டைவிரலின் குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. சின்ன வயதில் பல்சக்கரத்தில் மாட்டிக் குறுக்கே கிழிந்த தன்னுடைய இடது கட்டைவிரலை அவர் திருப்பிப் பார்த்தார்.

எதிரே லேத் நின்றது. "என்ன மாப்பிள்ளை, ஏதாச்சும் கோளாறா?" என்று குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க மச்சான்" என்றார். அந்தச் சொல் வந்தது அவருக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. இடுப்பிலிருந்து துணியை எடுத்துப் பெட்ரோலில் நனைத்து, யாரும் பார்ப்பதற்கு முன் கறுப்பையெல்லாம் அழுத்தித் துடைத்தார். மஞ்சளைத் தொடவில்லை.

"இது என்ன, மஞ்சள் கறை?" என்றார் டாக்டர், சீட்டில் உட்கார்ந்துகொண்டே.

"அது போகாதுங்க" என்றார் வெள்ளிங்கிரி. கார் கிளம்பியது, எலுமிச்சம்பழங்கள் நாலும் நசுங்கின, வீதி அசையவில்லை.